கடைவீதித் திட்டம் யார் கையில்?

(செகந்திராபாத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடைவீதியைச் சீரமைப்பது பற்றிப் பேச நமக்கென்ன இருக்கிறது, அது மாநகராட்சி எஞ்சினியர்களின் வேலையல்லவா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நம்மில் எத்தனை குடும்பத்துக்கு மோண்டா மார்க்கெட்டிலும் ஜெனரல் பஜாரிலும் அடுப்பு எரிகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பூக்கட்டும் அம்மா, இட்லி வண்டிக்காரர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி, மூட்டை தூக்குகிறவர் என்று எல்லாருக்கும் அந்த வீதிதான் சோறு போடுகிறது. அங்கே ஒரு கோடு போட்டால், அது நம் வயிற்றின் மேல் போட்ட கோடுதான்.

இந்த ஊருக்கு நாம் நேற்று வந்தவர்களும் அல்ல. 1806-இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்தபோதே, மதராஸ் படையோடு தமிழர் வந்தார்கள். பட்டாளத்துக்குச் சாமான் தரும் வியாபாரியும் கணக்கெழுதும் குமாஸ்தாவும் பின்னாலேயே வந்தார்கள். 1862-இல் மகபூப் கல்லூரிக்கு வித்திட்டவர் சோமசுந்தர முதலியார். 1874-இல் ரயில் வந்தது. 1897-இல் மணிக்கூண்டு எழுந்தது. லஷ்கர் என்று இன்றும் ஜனங்கள் அழைக்கும் இந்த ஊர், ஐதராபாத்தின் வால் அல்ல. தனி ஊராக வளர்ந்தது.

தனி ஊருக்குத் தனி ஆட்சியும் இருந்தது. 1945-இல் செகந்திராபாத் நகராட்சி உண்டாயிற்று. 1950-இல் அது மாநகராட்சி ஆயிற்று. 1960-இல் அதை ஐதராபாத்தோடு இணைத்துவிட்டார்கள். 2007-இல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி ஆக்கினார்கள். இணைப்பால் பெரிய குழாயும் பெரிய சாலையும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால், நம் கடைவீதிச் சாக்கடை அடைத்தால் அதையே தலையாய காரியமாக எடுத்துப் பேசும் ஒரு மன்றம் இல்லாமற் போயிற்று. பக்கத்திலேயே கன்டோன்மென்ட், அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனி வாரியம். அங்கே 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. 2023 ஏப்ரலில் நடக்கும் என்று அறிவித்த தேர்தலை ரத்து செய்தார்கள். சாலையின் இந்தப் பக்கம் ஓர் ஆட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. நடுவில் நிற்கிற தள்ளுவண்டிக்காரர் யாரிடம் முறையிடுவார்?

இதற்கிடையே வேலையும் பணமும் மேற்கே ஹைடெக் சிட்டிப் பக்கம் போயின. காய்கறி மொத்த வியாபாரம் மோண்டாவிலிருந்து போயின்பள்ளிக்குப் பெயர்ந்தது. ஊரெங்கும் குளிரூட்டிய பெருங்கடைகள் எழுந்தன. அப்போதெல்லாம் பழைய பஜாருக்கு உயிரூட்ட வேண்டும் என்ற பேச்சும் எழுகிறது. நல்ல பேச்சுதான். உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து பேச வேண்டும், அவ்வளவே.

இதே நகரத்திலிருந்து ஒரு பழைய பாடம் சொல்கிறேன். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். 1912-இல் நகர அபிவிருத்தி வாரியம் அமைந்தது. சார்மினாருக்குப் போகும் சாலையை அகலப்படுத்தி, பத்தர்கட்டியில் கருங்கல் வளைவுகளோடு கட்டடங்கள் எழுப்பினார்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. நெரிசலான சேரிகளை அகற்றிய இடங்களில் எளியவர்களுக்கு வீடுகளும் கட்டினார்கள். 1935-இல் மொஜம்ஜாஹி மார்க்கெட் எழுந்தது. அது நிஜாமின் வாரியம்; ஜனங்களைக் கேட்டு நடந்ததல்ல. ஆனாலும் கடைக்கு மேலே ஆள் குடியிருந்தால்தான் வீதிக்கு உயிர் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வீடுகளெல்லாம் கிடங்குகள் ஆகிவிட்டால், ஷட்டர் இறங்கியதும் வீதி செத்துப்போகும்.

நம் காலத்துக்கு வருவோம். சார்மினாரைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிட்டுக் கருங்கல் பாவினார்கள். புகையும் ஹாரனும் குறைந்தால் நடப்பவருக்கும் நல்லது, நானூறு ஆண்டுக் கட்டடத்துக்கும் நல்லது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962-இல் ஸ்ட்ரோகெட் என்ற கடைவீதியில் வண்டிகளைத் தடுத்தபோது வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினார்கள். படுக்கவில்லை, பெருகியது. ஆகவே நடைவீதியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சார்மினார் அடியில் பழம் விற்பவரையும் துணி விற்பவரையும் ஒவ்வொரு சீரமைப்பின்போதும் விரட்டுவதும், அவர்கள் திரும்பி வருவதும், மறுபடி விரட்டுவதும் என்ன திட்டம்? லாட் பஜாரின் அரக்கு வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வளையலைச் செய்வது கண்ணாடிக் கடையா? பின்சந்தில் அனல் முன்னே உட்காரும் குடும்பம் அல்லவா? சந்தை விட்டுவிட்டு முகப்பை மட்டும் மினுக்கினால் பஜார் பிழைக்காது.

சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பஜாரைப் பாருங்கள். நடைபாதை வியாபாரிகளை 2013-இல் மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடக்கிறவர் காலடியில் கடை இருந்தால் கை தானாக நீளும். மாடியேறி வந்து ஹேர்பின் வாங்குவார் யார் என்ற புலம்பல் எழுந்தது. 2019-இல் அதே வீதி அழகான நடைவளாகம் ஆயிற்று. நடக்க வசதி வந்த நேரத்தில், நடப்பவரை நம்பிப் பிழைத்தவர்கள் மாடியில் இருந்தார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், தயவுசெய்து கவனியுங்கள். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணையில் உள்ளாட்சிக்குரிய காரியங்களில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அடுத்தது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். ஒவ்வோர் ஊரிலும் வியாபாரக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் கைவைக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்துவரும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்கிருந்து வியாபாரிகளைப் பெயர்க்கவே கூடாது. மோண்டாவைச் சுற்றிக் கூடை வைத்து உட்காரும் நம் தாய்மார்கள் இந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஆனால் இதே சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. ரயில்வேக்காரனான நானே அதைச் சொல்ல வேண்டும். ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது! 2023 ஏப்ரலில், 700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் செகந்திராபாத் ஸ்டேஷனைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். ஸ்டேஷன் வாசலில் டீயும் பழமும் விற்கிறவர் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்? ஓரடி தள்ளி நின்றால் சட்டம் துணை. ஓரடி உள்ளே வந்தால் ஆர்.பி.எப். லத்தி. ஆகவே அந்த எல்லைக் கோடு நிலப் படத்தில் எங்கே போகிறது என்று மாநகராட்சியும் ரயில்வேயும் ஒன்றாக உட்கார்ந்து, வியாபாரிகளையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அந்த வாசலில் இறங்குகிற பயணிதான் பஜாரின் வாடிக்கையாளர்.

நிலைக்கடைக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. வாசலை மறைத்து வண்டி நின்றால், வாடகையும் வரியும் கட்டுகிறவர் கோபப்படத்தான் செய்வார். அதற்கு வழி, இடத்தை அளந்து, எண் போட்டு, நேரம் குறித்து எல்லாரும் ஒப்புக்கொள்வது. அளக்காத வரை போலீசுக்கு மாமூல்தான் லாபம். கடைக்காரருக்கும் இல்லை, கூடைக்காரருக்கும் இல்லை.

ஆகவே கல் பாவுவதற்கு முன் கணக்கெடுப்பு. பெண்கள் நாள் முழுதும் நிற்கிற வீதியில் கழிப்பிடமும் குடிநீரும். கடைக்கு மேலே குடியிருக்கும் ஏழை வாடகைக்காரர் வெளியேறாமல் வீட்டைப் பழுது பார்க்க உதவி. இவை மூன்றும் இல்லாத திட்டத்தை நாம் ஒப்பக் கூடாது.

நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கேன் வம்பு என்று சொல்லும் பெரியவர்களை வணங்கிக் கேட்கிறேன்: பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், பேரன் தெலுங்கும் உருதுவும் பேசுகிறான், இன்னும் நாம் வெளியூரா? 2020 டிசம்பரில் 150 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தபோது, இந்த மாநகரில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு நிலப் படத்தில் இடம் கேட்கத் தெம்பு ஏது?

அடுத்த மாதத்துக்குள் நம் சங்கத் தோழர்கள் இருவர் இருவராக மோண்டாவிலிருந்து ஸ்டேஷன் வரை போக வேண்டும். யாரிடம் வியாபாரச் சான்று உண்டு, யாரிடம் இல்லை, எத்தனை ஆண்டாக உட்காருகிறார், வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா என்று எழுதி வாருங்கள். தமிழரை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்துக் கூடைக்காரி தெலுங்கம்மாவாக இருந்தால் அவரையும், எதிர்வண்டிக்காரர் உருது பேசுகிறவராக இருந்தால் அவரையும் எழுதுங்கள். நம்மை மட்டும் எழுதிக்கொண்டு போனால் மனுவாகத்தான் இருக்கும். வீதியையே எழுதிக்கொண்டு போனால் அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்.