கல்லுல பங்கு உண்டு, காயத்துல பங்கு இல்லையா?

(இரத்தினபுரி மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை... இந்தப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் நம்ம பிள்ளைகளும் இறங்குறாங்க. தோட்டத்துச் சம்பளம் பத்தல, அதனால இறங்குறாங்க.

கல் கிடைச்சா பங்கு பிரிக்கிறாங்க. காணிக்காரருக்கு ஒரு பங்கு, உரிமப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, தண்ணி இறைக்கிற மெசினுக்குக்கூட ஒரு பங்கு. மிச்சம் குழியில் இறங்கினவங்களுக்கு. சரி. ஆனா மண் சரிஞ்சு ஒருத்தன் இடுப்பு உடைஞ்சா? "நீ வேலையாள் இல்லை, பங்காளி" என்று கையை விரிக்கிறாங்க. கல்லுக்குப் பங்காளி, காயத்துக்கு மட்டும் அநாதையா?

இந்த நாட்டில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934லேயே வந்துவிட்டது. இரத்தினக்கல் அதிகார சபைக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உரிமப்பத்திரம் இல்லாமல் குழி தோண்ட முடியாது. அப்படியென்றால் அந்தப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் குழிக்குள் இருக்கும் உயிருக்கும் பொறுப்பு. இதுதான் நம் கட்சியின் நிலைப்பாடு.

நாம் கேட்பது மூன்று:

1. குழியில் இறங்கும் ஒவ்வொருவர் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும்.
2. அவர்களுக்கு விபத்துக் காப்புறுதி இல்லாமல் உரிமப்பத்திரம் புதுப்பிக்கக் கூடாது.
3. மரச்சட்டம், காற்றோட்டம் இரண்டையும் அதிகாரி நேரில் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை நம்ம உயிரை நாமதான் காக்கணும். தயவுசெய்து இதைக் கவனமா வாசிங்க.

மெழுகுவர்த்தி எரியுது, அதனால காற்று நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. ஒட்சிசன் ரொம்பக் குறைஞ்சா வர்த்தி அணையும், உண்மை. ஆனா தண்ணி மெசின் கக்கும் காபனோரொட்சைட்டு வாயுவை அது காட்டாது. அதுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. எஞ்சினை ஒருநாளும் குழிக்குள்ள இறக்காதீங்க. மேலே வைத்தாலும் புகை குழி வாய்க்கு வராத பக்கம் வையுங்க.

கீழே ஒருத்தர் மயங்கி விழுந்தா, பதறி அடுத்தவர் குதிக்காதீங்க. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போயிடுவார். உடனே 1990க்கு அழையுங்க, இலவச அம்புலன்ஸ் வரும். தனியா யாரும் இறங்காதீங்க. மேலே எப்பவும் ஒருத்தர் நிற்கணும்.

குழித் தண்ணியில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தா, அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "குழியில வேலை செய்றேன்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்க. தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்க.

குழிக்குப் போகும் அண்ணன், தம்பி, அப்பா உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவே இதை வாசித்துக் காட்டுங்கள். பகிருங்கள்.

மாணிக்கம் மண்ணுக்குள்ள எத்தனை வருஷமும் கிடக்கும். நம்ம ஆள் சாயந்தரம் வீடு வந்து சேரணும்.