நின்றால் ஒரு விலை

இந்த வாரம் வெனிஸ். 'அடடா, படகில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதைத்தான் எத்தனையோ சினிமாவில் பார்த்தாயிற்றே' என்று வானொலியை அணைக்கக் கை நீட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கொண்டோலாப் படகு, புனித மாற்கு பேராலயம், பெருமூச்சுப் பாலம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. நான் பேச வந்தது ஒரு பில்லைப் பற்றி.

43 யூரோ 68 சென்ட். நம் காசில் அன்றைக்கு ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். நானும் என் மனைவியும் அதற்குச் சாப்பிட்டது என்ன தெரியுமா? இரண்டு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல்.

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில், பெருங்கால்வாய் ஓரமாக ஒரு கடை. பெயர் வேண்டாம். வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் 'நமஸ்தே' என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் நம் முகத்தைப் பார்த்து 'நமஸ்தே' சொல்கிற கடையில் உட்காரக் கூடாது. இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம், உங்களுக்கு இலவசம்.

ஆனால் கால் வலி. ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ரயிலில் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்தோம். உட்கார்ந்த மறு நிமிடம் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் பெட்டி 'டம் டம்' என்று ஆரம்பித்தது. பக்கத்து மேசையில் பன்னிரண்டு பேர், யாருக்கோ பிறந்தநாள். தண்ணீர் கேட்டேன். 'என்னது?' என்றாள் என் மனைவி. அவளிடம் கேட்கவில்லை, பரிமாறுகிற பையனிடம் கேட்டேன் என்பதைச் சொல்வதற்கே நான் கத்த வேண்டியிருந்தது.

இதில் என்ன வேடிக்கை என்றால், வெனிஸ் போல அமைதியான ஊரை நான் பார்த்ததில்லை. கார் கிடையாது, பைக் கிடையாது, ஆரன் சத்தம் அறவே கிடையாது. சந்துக்குள் நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அதிகாலையில் யாராவது பாலத்தின் மேல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால், அந்தச் சக்கரம் ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தத்தைப் படுக்கையில் இருந்தே எண்ணலாம். ஆண்டவன் இவ்வளவு அமைதியைக் கொடுத்த ஊரில், சுற்றுலாக் கடைக்காரர்கள் காசு போட்டுச் சத்தத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் ஒலிபெருக்கி வைத்துக் கத்தக் கூடாது என்று 2024-இல் நகராட்சி தடை போட்டது. சாப்பாட்டுக் கடை ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

ஒலியோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். 1911-இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. ஒரு மேசைக்காரன் குரலை உயர்த்தினால் அடுத்த மேசைக்காரன் அதற்கு மேல் உயர்த்துவான். தரை கல், சுவர் கல், மேசை பளிங்கு. சத்தத்தைக் குடிக்க ஒரு திரைச்சீலைகூட இல்லாத இடத்தில் கேட்கவா வேண்டும்! நிகோலா கெகென் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மதுக்கடையில் பாட்டை 72 டெசிபெல்லில் வைத்தபோது ஒரு கிளாஸ் பீரைக் குடித்து முடிக்கப் பதினாலரை நிமிடம் ஆனதாம். அதையே 88 டெசிபெல்லுக்கு ஏற்றினால் பதினொன்றரை நிமிடத்தில் கிளாஸ் காலி. பேச முடியாத இடத்தில் வாய்க்கு வேறென்ன வேலை? அந்த ஸ்பீக்கர் பெட்டியும் அந்தக் கடையில் ஒரு சர்வர்தான் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பில் வந்தது. ஜூஸ் 18, வறுவல் 8, தண்ணீர் 5. சரி. அதற்குக் கீழே 'கோப்பெர்த்தோ' என்று ஒரு வரி, ஆளுக்கு 4 யூரோ. அதற்கும் கீழே சேவைக் கட்டணம், நூற்றுக்கு 12. கோப்பெர்த்தோ என்றால் என்ன என்று கேட்டேன். மேசை விரிப்பு, ரொட்டிக்கூடை, முள்கரண்டி வகைக்கு என்றார் அந்தப் பையன். ரொட்டி நாங்கள் கேட்கவே இல்லை. வந்ததைத் தொடவும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார். அச்சில் போட்டிருந்தால் அது சட்டப்படி சரி. கொடுத்துவிட்டு எழுந்தோம்.

தம்பி வந்து சேர்ந்ததும் பில்லை வாங்கிப் பார்த்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, உக்காந்தீங்களா?"

"பின்னே நின்னுக்கிட்டா குடிப்பாங்க?"

"ஆமாண்ணே. இந்த ஊர்ல நின்னா ஒரு விலை, உக்காந்தா ஒரு விலை."

உண்மைதான் நேயர்களே. இத்தாலி முழுவதுமே இந்தக் கணக்குதான். கடைக்குள் மேடையருகே நின்று குடித்தால் ஒரு காப்பி ஒன்றேகால், ஒன்றரை யூரோ. அதே காப்பி, அதே கோப்பை, நாற்காலிக்கு வந்துவிட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மாற்கு சதுக்கத்தில் 1720-இல் தொடங்கிய புளோரியான் காப்பிக் கடை இருக்கிறதே, காசனோவாவெல்லாம் வந்து போன இடம், அங்கே வெளியே உட்கார்ந்தால் வாத்தியக் குழுவுக்கென்று ஆளுக்கு ஆறு யூரோ போலத் தனியாக வாங்குவார்கள். அதை நான் கொள்ளை என்று சொல்லமாட்டேன். வயலின், கிளாரினெட், அக்கார்டியன், பியானோ என்று ஆள் வைத்து வாசிக்கிறார்கள். மெனுவிலும் ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள். சதுக்கத்தில் அப்படி இரண்டு மூன்று கடைக்குக் குழு உண்டு. ஒருவர் வாசிக்கும்போது எதிர்க் கடைக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த மரியாதைக்கே காசு கொடுக்கலாம். கொடுக்க மனமில்லாதவர்கள் சதுக்கத்தின் நடுவில் நின்று கேட்கலாம், சல்லிக்காசு கிடையாது. நாங்கள் அப்படித்தான் கேட்டோம்.

அந்தச் சதுக்கத்தில் நிற்கிறபோதுதான் தம்பி மணிக்கோபுரத்தின் நிழலைக் காட்டி ஒரு கதை சொன்னான். இந்த ஊரில் சின்ன கிளாஸ் வைனுக்கு 'ஓம்ப்ரா' என்று பெயர். ஓம்ப்ரா என்றால் நிழல். அந்தக் காலத்தில் வைன் விற்கிறவர்கள் வண்டியை இந்தக் கோபுரத்தின் நிழலில் நிறுத்துவார்களாம். வெயில் நகர நகர, சரக்கு சூடாகாமல் இருக்க வண்டியும் நிழலோடு நகருமாம். 'ஒரு நிழல் போடலாமா?' என்று கேட்டால் ஒரு வாய் குடிக்கலாமா என்று அர்த்தம். இப்போது நிற்கிற கோபுரம் 1912-இல் கட்டி முடித்தது. பழையது 1902 ஜூலையில் ஒரு நாள் காலையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. காவலாளியின் பூனை ஒன்றைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாருங்கள், இந்த ஊரில் கோபுரம்கூட உட்கார்ந்தால் செலவுதான்.

நான் குடிப்பதில்லை. ஆனால் விலை விசாரிப்பதில் எனக்கு யாரும் ஈடில்லை. தம்பி எங்களை ரியால்டோ பாலம் தாண்டி, மீன் சந்தைக்குப் பின்னால் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போனான். 'பாக்கரோ' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற சின்ன வைன் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. 'தோ மோரி' என்று ஒன்று உண்டு, 1462-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்வார்கள். கூரையிலிருந்து செப்புப் பானைகள் தொங்கும், உட்கார இடம் கிடையாது. நாங்கள் நின்ற கடை அதற்குப் பக்கத்துச் சந்தில். அங்கேயும் நாற்காலி இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. மீன் கடைக்காரர் ஒருவர், தபால்காரர் ஒருவர், கையில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்டது. கிளாஸ் இரண்டு யூரோ.

கண்ணாடி அலமாரிக்குள் சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள் மேல் ஏதேதோ வைத்திருந்தார்கள். சிக்கெத்தி என்று பெயர். பாதி முட்டை மேல் நெத்திலி. வெங்காயமும் வினிகரும் உலர்திராட்சையும் போட்டு ஊறவைத்த மத்தி. இன்னொன்றில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு. வாயில் வைத்தேன். வைத்தவுடன் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்காரர்கள். "கருவாடு!" என்றோம் ஒன்றாக.

கருவாடேதான். 'பக்காலா' என்கிறார்கள். நார்வேயில் காய்ந்த காட் மீன். விறகுக்கட்டை மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, முள் எடுத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மரக்கரண்டியால் அடி அடி என்று அடித்தால் இப்படி வெண்ணெயாகிவிடும். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊருக்கு எங்கேயோ இருக்கிற நார்வேயிலிருந்து கருவாடு எதற்கு?

அது ஒரு வைன் கப்பலின் கதை. 1431-இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து மால்வாசியா வைன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பிளாண்டர்ஸ் பக்கம் கிளம்பினார். கப்பலில் 68 பேர். ஸ்பெயினைத் தாண்டியதும் புயல். சுக்கான் போயிற்று. காற்று வடக்கே, வடக்கே என்று தள்ளியது. கடைசியில் கப்பலைக் கைவிட்டு இரண்டு படகில் ஏறினார்கள். ஒரு படகு என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. மற்றது 1432 ஜனவரியில், வட நார்வேயில் ரோஸ்ட் தீவுக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு பாறைத் தீவில் ஒதுங்கியது. பனி. அங்கே கரை ஏறியவர்களிலும் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சிய 11 பேரை ரோஸ்ட் மீனவர்கள் கண்டு, தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய், வசந்தம் வரும்வரை வைத்துச் சோறு போட்டார்கள். சோறு என்றால் மீன்தான். உப்பே போடாமல், மரப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே காயவைத்த மீன். நம் ஊரில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை அங்கே காற்று செய்கிறது. ஊருக்குத் திரும்புகிறபோது வழிக்கு மீனும் கட்டிக் கொடுத்தார்கள். வைன் ஏற்றிக்கொண்டு போன மனிதர் கருவாட்டோடு திரும்பினார். வெனிஸ்காரன் கருவாடு தின்னப் பழகியது அப்போதுதான் என்று அந்த ஊரில் சொல்வார்கள். வைன் கடையில் கருவாடு இருப்பது எவ்வளவு பொருத்தம்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நான் உங்களை யூதர் குடியிருப்புத் தெருவுக்கு அழைத்துப் போவதாக இருந்தேன். போகட்டும், இன்னொரு நாள். ஒன்றே ஒன்று.

கடையிலிருந்து கிளம்பிப் பாலத்தைத் திரும்பவும் தாண்டி வந்தால் மிலியோன் முற்றம் என்று ஒரு சின்ன இடம். மார்க்கோ போலோ வீடு அங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே ஒரு தெருக்குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வெனிஸ் முழுக்க இப்படிக் குழாய்கள் உண்டு, நல்ல குடிதண்ணீர், காசு கிடையாது. பாட்டிலில் பிடித்து அண்ணாந்து குடித்தேன். தம்பி சிரித்தான். எங்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் பழையகாயலில் இறங்கியவர் அல்லவா அந்த மார்க்கோ போலோ! இந்தக் கரையில் மனிதர்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். குடிப்பவனையும் கப்பலில் போகிறவனையும் இங்கே ஜாமீனுக்கு ஏற்றுக்கொள்ளமாட்டார்களாம். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைப் பயணத்திலேயே கழித்த வெனிஸ்காரர் அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்திருக்கும்! 'பாத்தியாலே, உன் ஜாமீன் செல்லாது' என்றேன் தம்பியிடம். 'நான் ரயில்லல்லாண்ணே வந்தேன்' என்றான்.

பாக்கரோவில் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து 17 யூரோ. நீங்கள் போவதாக இருந்தால் காலை பத்தரை மணி வாக்கில், சந்தை நடக்கிறபோதே போய்விடுங்கள். ஞாயிறும் திங்களும் வேண்டாம், அந்த இரண்டு நாளும் ரியால்டோவில் மீன் சந்தை கிடையாது.