அந்த நம்பரை எழுதியது யார்?

(எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு வீட்டு அப்ரைசல் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "அது வீடு வாங்குறவங்க பிரச்சினையாச்சே, நாம வாடகைக்காரங்களோட நிக்கிறவங்க, நமக்கு என்ன?" நியாயமான கேள்வி. எங்க வீட்டுக் கதையிலிருந்தே பதில் சொல்றேன்.

2006-ல் அப்பா நியூஜெர்சியில் ஒரு வீடு வாங்கினார். பேசி முடித்த விலை 4,20,000 டாலர். கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளரும் சரியாக 4,20,000 என்றே எழுதினார். "பாத்தியா, நாம ஏமாறல"ன்னு அம்மாகிட்ட அப்பா சந்தோஷமாச் சொன்னாராம். 2010-ல் வட்டி குறைந்தபோது கடனை மாற்றி எழுதப் போனார். வீடு இப்போது 3,30,000-தான் பெறும், பாக்கிக் கடன் அதைவிட அதிகம், முடியாது என்றார்கள். வேறு மாநிலத்தில் கிடைத்த நல்ல வேலைக்கும் போக முடியவில்லை. வீட்டை விற்றால் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. விலை நாடு முழுக்கச் சரிந்தது. ஆனால் அந்த வருஷங்களில் அந்த நம்பர் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். மதிப்பீட்டுக்குக் காசு கொடுப்பது வீடு வாங்குபவர். ஆர்டர் கொடுப்பதோ கடன் தரும் தரப்பு. கடன் முடிந்தால்தான் புரோக்கருக்கும் ஏஜெண்டுக்கும் கமிஷன். மதிப்பு குறைந்தால் எல்லாம் நின்றுவிடும். அப்போ கறாராக எழுதுறவருக்கு அடுத்த ஆர்டர் வருமா?

இதை முதலில் சொன்னது அந்த வேலையைச் செய்தவர்களேதான். 2000 முதல் 2007 வரை சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்ட மனு வாஷிங்டன் அதிகாரிகளுக்குப் போனது. விலையை ஏற்றி எழுதச் சொல்லி நெருக்குகிறார்கள், நேர்மையாக எழுதுபவர்களை ஒதுக்குகிறார்கள் என்பதுதான் புகார். யாரும் அசையவில்லை. 2007 நவம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ, வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் நெருக்கடிக்குப் பணிந்ததாக ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அடுத்த செப்டம்பரில் அந்த வங்கியே கவிழ்ந்தது.

கடைசியில் 2010-ல் டாட்-ஃப்ராங்க் சட்டம் வந்தது. வீட்டுக் கடனில் ஆதாயம் உள்ள யாரும் மதிப்பீட்டாளரை மிரட்டவோ, லஞ்சம் கொடுக்கவோ, ஒரு குறிப்பிட்ட தொகையை எழுதச் சொல்லவோ கூடாது. விலை வரவில்லை என்று கூலியை நிறுத்தவும் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம், திரும்பவும் மீறினால் 20,000 வரை என்று சட்டத்தில் எழுதப்பட்டது. என்னைக் கேட்டால் இது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும்தான். "முடியாது" என்று சொல்பவரின் சோற்றில் கைவைக்காதே என்கிறது.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. கடன் அதிகாரிக்கும் மதிப்பீட்டாளருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று நிர்வாக நிறுவனங்கள் பெருகின. மதிப்பீட்டுக் கட்டணத்தில் அவர்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். தரகு போய் இன்னொரு தரகு வந்தது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. வங்கியிடமிருந்து விடுதலை பெற்ற மதிப்பீட்டாளர், வரலாற்றிடமிருந்து விடுதலை பெற்றுவிட்டாரா? 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசிக் கடனை மறுத்தது அமெரிக்க அரசின் வீட்டுக்கொள்கைதான். 2021-ல் ஃப்ரெடி மேக் வெளியிட்ட ஆய்வில், ஒப்பந்த விலைக்குக் கீழே மதிப்பிடப்பட்டவை வெள்ளையர் பெரும்பான்மைப் பகுதிகளில் 7.4 சதவீதம், கறுப்பினப் பகுதிகளில் 12.5, லத்தீனோ பகுதிகளில் 15.4. இங்கே யாரும் போன் போட்டு மிரட்டத் தேவையில்லை. அதனால் சுதந்திரம் வேணும், ஆனா அது மட்டும் போதாது.

இப்போ தோழரின் கேள்விக்கு வர்றேன். 2008-ல் கடன்கள் முறிந்தபோது வீட்டுக்காரர் கடன் கட்டாததால், மாசாமாசம் வாடகை சரியாகக் கட்டியவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க 2009-ல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. பொய்யான விலை முதலாளியின் வீட்டோடு நின்றுவிடாது.

செய்ய வேண்டியது என்ன? நம்ம வீடுகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். நமக்குத் தெரிந்த ஏஜெண்ட் அங்கிள் "அப்ரைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், விலை வந்துடும்"னு சொன்னால் அது உதவி இல்லை, சட்டமீறல். அதைப் பெரியவங்ககிட்ட மரியாதையாகவே சொல்லுங்க. அப்புறம், மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் முடிவதற்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்னாடி இலவசமாக வாங்கும் உரிமை இருக்கிறது. வாங்கி உட்கார்ந்து படியுங்க. அறை எண்ணிக்கை தப்பா இருக்கா, ஒப்பிட்ட வீடுகள் சரியானவையா என்று பாருங்க. பிழையைத் திருத்தச் சொல்வதும், விளக்கம் கேட்பதும், வேறு வீடுகளின் விவரத்தைப் பார்க்கச் சொல்வதும் நெருக்கடி ஆகாது. சட்டமே அனுமதிக்கிறது.

எங்க அப்பா அந்த அறிக்கையை இன்னும் வச்சிருக்கார். போன வாரம்தான் நாங்க ரெண்டு பேரும் அதை முதல்முறையாக முழுசாகப் படித்தோம். கடைசிப் பக்கம் வந்ததும், "இதை அன்னைக்கே படிச்சிருக்கணும்"னு மட்டும் சொன்னார்.

 கேள்விகள் இருந்தால் பேசுவோம்.