மூணு வயசுப் பிள்ளைக்கு முதலில் கைவேலை

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



வருஷா வருஷம் ஜூன் மாசம் நெருங்கும்போது நம்ம குழுக்களில் உள்கடன் கேட்கிறவர்கள் கூடிவிடுகிறார்கள். விதைக்கு, உரத்துக்கு என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். எல்.கே.ஜி. பீஸ் கட்டணும் என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைக்கு வயசு என்னம்மா என்று கேட்டால் "இப்பத்தான் மூணு முடியப்போவுது" என்பார்கள். கடன் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, அது உறுப்பினரின் உரிமை. ஆனால் அந்தக் காசு எதற்குப் போகிறது? மூணு வயசுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் முழுக்க ஏ, பி, சி எழுத வைப்பதற்கு. எழுத வரவில்லை என்றால் அங்கே ஒரு போடு. வீட்டுக்கு வந்தால் ஹோம்ஒர்க் முடிக்கவில்லை என்று நம்மிடம் இன்னொரு போடு.

அந்தப் பிள்ளைக்கு எழுத வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை சகோதரிகளே. நம் மணிக்கட்டுக்குள் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, காது மடல் மாதிரி வளையும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். மூணு வயசில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகியிருக்கும். கடைசி ஒன்று கெட்டியாக 8 வயசுக்கு மேலேயும் ஆகும். விரல் தசைகளுக்கும் இன்னும் பலம் வந்திருக்காது. அந்தக் கையால் சின்னக் கட்டத்துக்குள் எழுத்தை அடக்கு என்றால் எப்படி அடக்கும்?

எழுதுவதற்கு முன்னால் கை தயாராக வேண்டும். அதற்கு ஏற்ற வழி படம் வரைவது, பிசைவது, கிழிப்பது, ஒட்டுவது, அச்சுக் குத்துவது. இதையெல்லாம் வீட்டிலேயே, காசு செலவில்லாமல், முன்கூட்டி எதையும் தயார் பண்ணி வைக்காமல் செய்யலாம். அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து அங்கன்வாடியெல்லாம் மூடியபோது எங்கள் குழுவில் சின்னப் பிள்ளை வைத்திருந்த வீடுகளில் இதை ஆரம்பித்தோம். அப்போது வீடுதான் பள்ளிக்கூடம். இப்போதும் அங்கன்வாடிக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கரும்பு வெட்டப் போகிற இடத்திலும் செங்கல் சூளையிலும் பெற்றவர்களோடு கூடவே கிடக்கிற பிள்ளைகள். காய்ச்சல், லீவு என்று வீட்டில் இருக்கும் நாட்களும் உண்டு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: அங்கன்வாடி இருக்கிற ஊரில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். சாப்பாடு, எடை பார்ப்பது, மற்ற பிள்ளைகளோடு பழகுவது எல்லாம் அங்கேதான் கிடைக்கும். நாங்கள் சொல்வது வீட்டில் இருக்கும் நேரத்துக்கு.

முதலில் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் கோலமாவை எப்படி எடுக்கிறோம்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பக்கத்தில் நடுவிரல். பென்சில் பிடிப்பதும் இதே மூன்று விரலால்தான். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும். "போ அந்தப் பக்கம், மிதிச்சிடுவ" என்று விரட்டாமல், ஒரு சிரட்டையில் கொஞ்சம் அரிசி மாவு கொடுத்து ஓரமாக ஓர் இடத்தைக் காட்டுங்கள். முதலில் கொட்டத்தான் செய்யும். பிறகு புள்ளி வைக்கும். ஒரு மாசத்தில் கோடு இழுக்கும். மாவு வீணாகிறதே என்று மாமியார் சத்தம் போட்டால், எறும்புக்குத்தானே அத்தை போகுது என்று சொல்லிவிடுங்கள். கோலத்துக்கு அரிசி மாவு போடுவதே அதற்குத்தான் என்று அவர்களே நமக்குச் சொன்னதுதான்.

அதைவிடச் சுலபம் தண்ணீர் ஓவியம். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வேப்பங்குச்சி. பல் விளக்குவதற்கு மெல்லுவது போல நுனியைத் தட்டி நார் நாராக்கினால் அதுவே பிரஷ். சிமெண்ட் தரையிலோ திண்ணையிலோ சுவரிலோ தண்ணீரைத் தொட்டுப் பிள்ளை வரையட்டும். வெயிலில் காய்ந்து மறைந்துவிடும், மறுபடி வரையலாம். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது பிள்ளை உங்கள் கண் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் டம்ளரில் மட்டும் இருக்கட்டும். வாளியையும் தொட்டியையும் மூடி வையுங்கள். ஒரு சாண் தண்ணீரே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

மணலும் அப்படித்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம்ம தாத்தா காலத்துப் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுத்தைத் தொடங்கினார்கள். இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் பிள்ளை பென்சிலால் எழுதுவதற்கு முன்னால் சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகும். அவர் பேரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு மூணு வயசில் நோட்டு நிரப்ப வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அது வேறு கதை.

அடுத்தது காய்கறி அச்சு. வெண்டைக்காயை நறுக்கும்போது காம்புப் பக்கம் ஒரு விரல் நீளம் விட்டுவிடுவோம் இல்லையா, அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் வெட்டு முகத்தைச் சாயத்தில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றினால் பூ விழும். பாகற்காய்க்கு ஓரம் முள்ளு முள்ளாக வரும். பாதி வெங்காயம் வளையம் வளையமாக விழும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே சின்னச் சின்ன அறைகளாக இருக்கும், பிறை நிலாவுக்குள் வலை பின்னின மாதிரி அச்சு விழும். பிள்ளைகள் அதிகம் கேட்டது அந்த வாழை மட்டையைத்தான். வெட்டுவது நம் வேலை, அரிவாள்மணை பக்கம் பிள்ளை வரக்கூடாது.

சாயம் கடையில் வாங்க வேண்டாம். பீட்ரூட் துருவிப் பிழிந்தால் சிவப்பு, மஞ்சள்தூளைக் கரைத்தால் மஞ்சள், செம்மண்ணைச் சலித்துச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தால் காவி, அடுப்புக் கரியைப் பொடி செய்து கஞ்சியில் கலந்தால் கறுப்பு. கஞ்சி சேர்ப்பது சாயம் உதிராமல் பிடிப்பதற்கு. கிண்ணத்தில் அப்படியே கொடுத்தால் கவிழ்த்துவிடும். பழைய துணியை நாலாக மடித்து ஒரு மூடியில் வைத்து அதன் மேல் சாயத்தை ஊற்றிவிடுங்கள். ரேகை வைக்கும் மைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். (கையெழுத்துப் போடப் பழகின பிறகு நமக்கே அது மறந்து போயிருக்கும்!)

காகிதத்துக்குக் காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், அட்டைப்பெட்டி போதும். குழுவின் பழைய தீர்மான நோட்டில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், தணிக்கைக்கு வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் செவசெவ என்று ஆகுமே, நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஒரு தாளில் மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காய வையுங்கள். துணி சோப்பைக் கொஞ்சம் கரைத்து, பஞ்சு சுற்றின ஈர்க்குச்சியைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். மஞ்சள் மேல் சிவப்புக் கோடு எழும்பி வரும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு போட்டால் சிவப்பதும் இதனால்தான். ஆனால் பிள்ளை கையில் சுண்ணாம்பு தரவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வையே போகும். சோப்புத் தண்ணீரும் கண்ணில் எரியும், பக்கத்திலேயே இருங்கள். செம்பருத்திப் பூவின் இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் வரும். அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ரோஸ் நிறமாகும். சங்குப்பூ நீலமும் எலுமிச்சைக்கு இப்படி மாறும். நாலு வயசுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு "ஏன்?" என்று கேட்கும் பாருங்கள், எந்தப் பீஸ் கட்டினாலும் அந்தக் கேள்வி கிடைக்காது.

களிமண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நாமே விளையாடியதுதான். கல், கண்ணாடித் துண்டு பொறுக்கிவிட்டு ஒரு ராத்திரி ஊற வைத்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினால் பல நாள் வரும். சாக்கடை ஓரத்து மண்ணும், மாடு கட்டுகிற இடத்து மண்ணும் வேண்டாம். மண் எடுக்கக் குளத்துக்குப் பெரியவர்கள்தான் போக வேண்டும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உருட்டுவது, தட்டுவது, கிள்ளுவது இந்த மூன்றும் விரலுக்கு நல்ல பலம் கொடுக்கும். சப்பாத்தி போடும் அன்று ஒரு சின்ன உருண்டை மாவு கொடுத்தாலும் அதேதான்.

பூவரசு இலையில் பீப்பி, பனை ஓலையில் காற்றாடி, தென்னை ஓலையில் கைக்கடிகாரம், பாம்பு - இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். தாத்தாவுக்கும் ஒரு வேலை ஆகும், பிள்ளை பார்த்துக் கற்கும்.

இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை. குன்றிமணி கூடவே கூடாது. பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, பார்க்க அழகுதான், ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் ஊமத்தங்காயும் அப்படித்தான். புளியங்கொட்டை, வேர்க்கடலை, பாசிமணி இவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வாயில் போட்டால் மூச்சுக் குழாய் அடைக்கும், மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும். குங்குமம், கோலத்துக்கு வாங்கும் கலர்ப்பொடி, சுவருக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் எதுவும் பிள்ளைக்கு ஆகாது.

இவ்வளவும் கொடுத்துவிட்டு நாம் பக்கத்தில் உட்கார்ந்து "இப்படி இல்லடா, அப்படிப் போடு" என்று கையைப் பிடித்து வரைந்தால் பிரயோஜனம் இல்லை. அது பிள்ளையின் படம் இல்லை, நம்ம படம். ரெண்டு வயசில் கிறுக்கும். மூணு வயசு வாக்கில் வட்டம் மூடும். நாலு வயசில் ஆள் வரையும், தலையிலிருந்தே ரெண்டு கால் முளைத்திருக்கும். வயிறு எங்கே, கழுத்து எங்கே என்று கேட்காதீர்கள். பல நாடுகளிலும் அந்த வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் வரைகிறார்கள். வயிறு தானாக வந்து சேரும்.

"இது என்ன?" என்று அதட்டிக் கேட்பதற்குப் பதில் "இதைப் பத்தி அம்மாவுக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கதை சொல்லும். மாடு சிவப்பாக இருந்தால் இருக்கட்டும். அண்ணன் படத்தோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படத்தோடும் ஒப்பிட வேண்டாம். சலித்துப் போய் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள், பத்து நிமிஷம் உட்கார்ந்ததே பெரிசு.

இடது கையால் வரைகிற பிள்ளையைப் பற்றி நிறைய அக்கா தங்கச்சிகள் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். பீச்சாங்கையால் எழுதுதே, அடித்து மாற்றலாமா என்று. மாற்ற வேண்டாம். அது கெட்ட பழக்கம் இல்லை, பிறவியிலேயே அமைவது. சாப்பிட வலது கையைப் பழக்குவது உங்கள் வீட்டு வழக்கம். வரைவதும் எழுதுவதும் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கை வாகோ அந்தக் கை.

இப்படிச் செய்தால் பிள்ளை பெரிய ஓவியராகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அஞ்சு வயசு முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது பென்சிலைப் பார்த்துப் பயப்படாது, விரல் வலிக்கிறது என்று அழாது. எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான், அது போதும் என்று நினைக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டம் நடக்கிற நேரத்தில் மடியில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருப்பதற்குப் பதில் வராண்டாவில் ஒரு சாக்கு விரித்து உட்கார வைப்போம். குழுவுக்கு ஒருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். வாழை மட்டையும் செம்மண்ணும் நாங்கள் கொண்டு வருகிறோம். பழைய காலண்டர் இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள்.