மாண்டலினும் மடியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இரண்டு வாரங்களுக்கு முன் நம் காரியதரிசி அவர்கள் என் வீட்டிற்கு வந்து, "இவ்வாண்டு தாங்கள் ஏதேனும் பேச வேண்டும்" என்றார்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா. குறளும் கம்பனும் பேசிய நாவன்மையாளர்கள் நின்ற இடத்தில் நின்று நான் எதைப் பேசுவது? அவ்விதமே கேட்டேன். "தினமும் மாலை ஏழு மணிக்குத் தங்கள் வீட்டிலிருந்து வரும் ஓசையைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார்கள். அது புகழ்ச்சியா, புகாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த ஓசை மாண்டலின் ஓசை. வாசிப்பவள் என் மகள். சங்கீதத்தின் நுட்பங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அவ்வாத்தியத்தின் உருவத்தைப் பற்றியும், அது வாசிப்பவரின் உடம்போடு எவ்விதம் பொருந்துகிறது, அல்லது பொருந்தாமல் போகிறது என்பதைப் பற்றியும் மட்டும் சொல்ல விரும்புகிறேன். இதை அறிந்துகொள்ள நான் கொடுத்த விலை பணம் மட்டும் அன்று.

என் தந்தையார் பொன்மலையிலிருந்து லாலாகுடாவிற்கு மாற்றலாகி வந்தவர். அக்காலத்தில் அண்டை வீட்டில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் கார்டு, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவிற்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை விற்றார். நாற்காலி வாங்கப் போன என் தந்தையார் மாண்டலினோடு திரும்பி வந்தார். என் தாயார் அந்த நாற்காலியை வெகு காலம் மறக்கவில்லை.

அது இத்தாலிய உருவம் கொண்ட வாத்தியம். முன்பக்கம் தட்டைப் பலகை. பின்பக்கமோ முலாம்பழத்தை இரண்டாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற குடம். மெல்லிய மரக் கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி அக்குடத்தைச் செய்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் வினாச்சியா என்னும் குடும்பத்தார் பேர்பெறச் செய்த வடிவம் அது. கண்ணுக்கு மிக அழகு. அமெரிக்க நாட்டார் அதை 'உருளைக்கிழங்கு வண்டு' என்று கேலி செய்வார்களாம்; அதன் கோடுபட்ட முதுகைப் பார்த்தவர்களுக்கு அப்பெயர் விளங்கும். நம் வீட்டு வாத்தியத்தின் குடத்தை அங்குல நாடாவால் அளந்து பார்த்தேன். ஆழம் ஐந்து அங்குலத்திற்குச் சற்று மேல்.

நான் சிறுவனாக இருந்தபோது அதை வாசிக்க முயன்று, நான்கே மாதத்தில் கைவிட்டேன். எனக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். நானும் அம்முடிவை ஏற்றுக்கொண்டேன். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, பதினொரு வயதில் என் மகள் அதைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். தந்தி மாற்றி, ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிட்டேன். முதல் மாதம் உற்சாகம். இரண்டாம் மாதம் இடது மணிக்கட்டில் வலி. மூன்றாம் மாதம் கழுத்திலும் வலி. "அப்பா, வாத்தியம் நழுவிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதா, வாசிப்பதா?" என்று கேட்டாள். சாதகம் போதாது என்றார் ஆசிரியர். நானும் அதையே, இன்னும் கடுமையான சொற்களில் சொன்னேன். சோம்பல் என்று கூடச் சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாள் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள். எட்டு மாதம் அப்பெட்டி திறக்கப்படவில்லை.

அவ்வெட்டு மாதத்திற்குள் எனக்கே கழுத்து வலி வந்தது. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்கிறவன் நான். வைத்தியர் மாத்திரை கொடுக்கவில்லை, "உங்கள் நாற்காலி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். பத்து நாளில் வலி குறைந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வலிக்கு நாற்காலியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவள் வலிக்கு வாத்தியத்தைக் குறை சொல்ல அந்தக் குழந்தைக்கு நான் உரிமை கொடுக்கவில்லை.

மறுநாள் அவளை அழைத்து, பெட்டியைத் திறந்து, முதன்முறையாக வாசிப்பைக் கேட்காமல் உட்கார்வதை மட்டும் கவனித்தேன். சம்மணமிட்ட மடியின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? உருண்டை முதுகு அப்பள்ளத்தில் இறங்கி உருள்கிறது. முகப்பலகை வானத்தைப் பார்க்கத் திரும்புகிறது. மெட்டுகளைக் காண அவள் குனிகிறாள். குனிந்தால் வயிறு இடிக்கிறது. இடித்தால் மேலும் உருள்கிறது. அதைத் தடுக்க இடது கை வாத்தியத்தின் கழுத்தை இறுகப் பற்றுகிறது. கட்டை விரல் கவ்வுகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. சுரம் பிடிக்க வேண்டிய கை, சுமை பிடிக்கும் கையாகிவிட்டது. நான் சோம்பல் என்று பெயரிட்டது இதைத்தான்.

பிறகு, கிடைத்த நூல்களையும் படங்களையும் தேடிப் பார்த்தேன். இத்தாலிய வாசிப்பாளர்கள் நாற்காலியில் அமர்ந்து, வலக்காலை இடக்காலின் மேல் போட்டோ, பாதத்தைச் சிறு முக்காலியின் மேல் வைத்தோ வாசிக்கிறார்கள். நழுவாதிருக்கப் பதனிட்ட மெல்லிய தோல் துண்டொன்றை மடியில் விரித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே வாத்தியத்தில் குற்றமில்லை. அது நாற்காலிக்குப் பிறந்தது; நாம் அதைப் பாயில் உட்கார வைத்தோம்.

இதைப் போன்றதொரு சங்கடத்தை நம் முன்னோர் முன்பே சந்தித்திருக்கிறார்கள். பிடில் எனும் வயலின் மேல்நாட்டாருடையது. அவர்கள் அதைத் தோளில் வைத்து, தாடையால் அழுத்தி, நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பவர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். இன்று நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது பாதத்தின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்கிறார்கள். மரத்தில் ஒரு சீவல் கூடக் குறையவில்லை. உட்காரும் முறை மட்டும் மாறிற்று. பாரத்தைக் காலும் மார்பும் ஏற்றுக்கொண்டதால் இடது கைக்கு விடுதலை. அக்கை தந்தியின் மேல் மேலும் கீழும் வழுக்கிச் செல்லலாம். நம் கமகங்களுக்கு வேண்டுவது அதுவே.

வீணையைப் பாருங்கள். குடம் தரையில் தங்குகிறது. சுரைக்காய் இடது தொடையில் அமர்கிறது. பலாமரத்தில் செய்த அத்தனை பாரத்தில் ஒரு பலம் கூடக் கைக்கு வருவதில்லை. அதிலும் பிடித்தமான நிலை ஆளுக்கு ஆள் வேறுபடும். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவராகிய சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவராகிய சாம்பசிவ ஐயர் படுக்கை வாட்டில் வைத்தும் ஒரே மேடையில் வாசித்தவர்கள். வித்துவான்களுக்கே ஒரே நிலை பொருந்தவில்லை என்றால், என் மகளுக்குப் பொருந்தவில்லை என்று நான் ஏன் கோபித்துக்கொண்டேனோ!

ஆனால் மாண்டலினை வயலினைப் போல் பாதத்தில் ஊன்ற முடியாது. வலது கை மீட்ட வேண்டும். அதற்கு முகம் வெளிப்புறம் பார்த்து நிற்க வேண்டும். ஆதலால் இங்கே உட்காரும் முறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. மரமே மாற வேண்டியதாயிற்று. அம்மாற்றம் நமக்கு வெகு அருகில், மேற்கு கோதாவரி ஜில்லாவின் பாலகொல்லில், 1969 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் தேதி பிறந்த ஒரு பிள்ளையின் கையில் நிறைவுற்றது. உ. ஸ்ரீநிவாஸ் அவர்களைத்தான் சொல்லுகிறேன்.

ஆறு வயதில் தந்தையார் சத்தியநாராயணா அவர்களின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கியவர் அவர். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடராகிய ருத்ரராஜு சுப்பராஜு அவர்கள் அவருக்குக் குருவானார். குருவிற்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சீடர் பாடியதை வாசிப்பார். 1978 இல் குடிவாடாவில் தியாகராஜ உற்சவத்தில் முதற் கச்சேரி. 1981 இல் சென்னை மேடை. தெலுங்கு நாட்டுப் பிள்ளையைச் சென்னை தோளில் தூக்கிக்கொண்டது. அக்கரையில் பிறந்தவரை இக்கரை தன் பிள்ளையாக்கிக்கொள்வது எப்படிப்பட்ட உணர்வு என்று செகந்திராபாத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் செய்த மாற்றத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஏன் ஜோடி? மீட்டிய நாதம் சீக்கிரம் அடங்கிவிடும் வாத்தியம் அது. ஓசை பெரிதாக வேண்டியே இரட்டைத் தந்தி. ஓசை பெரிதாக வேண்டியே உள்ளே வெற்றிடமுள்ள உடல். ஆனால் இரண்டு தந்திகளை ஒரே விரலால் ஒரே அளவாக அழுத்தி இழுப்பது கடினம். ஸ்ரீநிவாஸ் அவர்கள் கையாண்டது மின்சார மாண்டலின். தந்தியின் அசைவைப் பிக்கப் என்னும் கருவி மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போது, ஓசைக்காக இரட்டைத் தந்தி வேண்டியதில்லை. அவர் ஒற்றைத் தந்திகளாக்கி, கீழ்ஸ்தாயிக்கென்று ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்தார். ஓசைக்காகக் குடமும் வேண்டியதில்லை. கெட்டி மரத்தில் செய்த மெல்லிய உடலே போதும்.

அவர் இதைச் செய்தது நாதத்திற்காகவும் கமகத்திற்காகவும். உடம்பின் சுகத்திற்காக என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் குடம் போனதும் உருளுவதும் போயிற்று. தட்டையான முதுகு உடம்போடு ஒட்டிக்கொண்டது. வெற்றுடல் வாத்தியத்தை வயிற்றோடு அணைத்தால் அதன் அடிப்பலகையின் அதிர்வு அடங்கி நாதம் குன்றும். கெட்டி மரத்திற்கு அந்தப் பயம் இல்லை. அவர் சம்மணமிட்டு அமர்ந்து, சிறு குழந்தையை அணைப்பது போல் அதை அணைத்து, முகத்தில் புன்னகை மாறாமல் வாசிக்கும் படக்காட்சிகளை இன்றும் பார்க்கலாம். இடது கை எதையும் தூக்குவதில்லை. 1998 இல் பத்மஸ்ரீ பெற்ற அம்மேதை, 2014 செப்டம்பர் 19 இல், நாற்பத்தைந்தே வயதில் நம்மை விட்டுப் பிரிந்தார். என்னை விட இளைய வயது. அதை நினைக்கையில் மேலே பேச நா எழவில்லை, விஷயத்திற்கே திரும்புகிறேன்.

குடத்தை நீக்கும் யோசனை அமெரிக்காவில் மின்சார மாண்டலினுக்கு முன்பே தோன்றியது. ஆர்வில் கிப்ஸன் என்பவர் வயலினைப் போல மேற்பலகையையும் அடிப்பலகையையும் கெட்டி மரத்திலிருந்து குடைந்து செய்யும் முறைக்கு 1898 இல் உரிமைப் பட்டயம் பெற்றார். அவ்வழியில் வந்தவை இரண்டு உருவங்கள். ஒன்று, பேரிக்காய் போன்ற எளிய உருவம். மற்றொன்று, மேலே சுருளும் ஓரத்தில் கொம்பு போன்ற முனைகளும் கொண்டது. கீழ் முனை அலங்காரத்திற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாற்காலியில் அமர்ந்தால் அது வலத் தொடையில் ஊன்றி வாத்தியத்தை நழுவவிடாமல் நிறுத்துகிறது. சம்மணமிட்டாலோ அதே முனை தொடையைக் குத்துகிறது. விலையும் கூட. பேரிக்காயே நமக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் செய்தது இதுதான். பழைய சாமான்கள் விற்கும் கடையில் தட்டை முதுகுள்ள பேரிக்காய் உருவ வாத்தியம் ஒன்று வாங்கினோம். ஆழம் இரண்டு அங்குலத்திற்கும் குறைவு. தோளில் மாட்ட ஒரு வார் தைத்தாள் என் மனைவி. வலத் தொடைக்கடியில் ஜமக்காளத்தை நான்காக மடித்து வைத்தோம். மடியின் பள்ளம் நிரம்பிற்று. ஓரப் பலகை வலது முன்கையை அறுத்தது. காலனித் தச்சர் உளியோடு வந்து ஓரத்தைச் சீவிவிடுகிறேன் என்றார். மேற்பலகை அரிசி அப்பளம் போல மெல்லியது. சீவினால் வாத்தியம் போய்விடும் என்று தடுத்தேன். வயலினில் தாடை வைக்கும் கட்டையைப் பார்த்து, அதைப் போலவே வளைந்த சிறு மரத்துண்டைச் செதுக்கி ஓரத்தின் மேல் இறுக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் இச்சபையில்தான் இருக்கிறார்.

வாத்தியம் வாங்கப் போகும் பெற்றோர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். குழந்தையை, வீட்டில் எப்படி உட்கார்ந்து வாசிக்கப் போகிறதோ அப்படியே கடையில் உட்கார வையுங்கள். வாத்தியத்தை மடியில் கொடுங்கள். "இரண்டு கைகளையும் எடு" என்று சொல்லுங்கள். வாத்தியம் தானாக நிற்க வேண்டும். நழுவினால் வார், துணி, மணை எதையாவது சேர்த்துப் பாருங்கள். அப்போதும் நழுவினால் அடுத்த வாத்தியத்தைக் கேளுங்கள். கடைக்காரர் மெருகையும் முத்துச்சிப்பி வேலையையும் காட்டுவார், காட்டட்டும்.

மணிக்கட்டு வலி நிற்க ஆறு வாரம் ஆயிற்று. அதன் பிறகும் வாசிப்பு உடனே இனித்துவிடவில்லை என்பதற்கு அண்டை வீட்டார் சாட்சி. ஆனால் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தகப்பன் கேட்கலாமா என்று சில பெரியவர்கள் என்னைக் கடிந்துகொண்டார்கள். அவள் கேட்டுக்கொண்டு, "சரி அப்பா, அந்த ஜமக்காளத்தை இன்னும் ஒரு மடிப்பு மடியுங்கள்" என்றாள்.

காரியதரிசி அவர்கள் மணியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அடுத்த நிகழ்ச்சி அவளுடையதுதான். ஆகவே நான் மேடையில் ஜமக்காளத்தை விரித்துவிட்டு இறங்குகிறேன். அந்தப் பழைய இத்தாலிய உருவ வாத்தியத்தை நான் விற்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து பழக விருப்பமுள்ள பிள்ளைகள் யாரேனும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிற்கு வரலாம். மடியில் விரிக்கத் தோல் துண்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.