காப்புறுதிப் பத்திரத்திற் புகுந்த பிழை

மோட்டார் வண்டிக்குக் காப்புறுதி செய்தவர் தமது பத்திரத்தை முதன்முறையாக ஊன்றி வாசிப்பது, பெரும்பாலும் விபத்து நிகழ்ந்த பின்னரேயாகும். அதுவரை அது அலுமாரியில் மடித்தபடியே கிடக்கும். வண்டி நசுங்கி, பொலிஸ் முறைப்பாடு முடிந்து, மதிப்பீட்டாளர் வந்து வினாக்களைத் தொடுக்கும்போதுதான் பத்திரம் விரிக்கப்படுகின்றது. பதிவிலக்கத்தில் ஓர் எண் இடம் மாறியிருப்பதும், பழைய சொந்தக்காரரின் பெயரே இன்னமும் நிற்பதும், வாடகைக்கு ஓடும் வண்டி தனிப்பாவனை வண்டி என எழுதப்பட்டிருப்பதும் அப்பொழுதே கண்ணிற் படுகின்றன. தவறாது கட்டுப்பணம் செலுத்தி வந்த குடும்பத்திற்கு அந்நேரம் ஏற்படும் திகில் சொல்லுந் தரமன்று.

எனினும், பிழைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பிழை எவ்விடத்திற் புகுந்தது என்பதே முதலில் ஆராயத்தக்கது.

வண்டிக்காரர் தமது பிரேரணைப் படிவத்திற் சரியான பதிவிலக்கத்தைக் கொடுத்திருக்கின்றார்; கம்பனியின் அலுவலகத்திற் பத்திரம் தயாரித்த எழுதுவினைஞர் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டார் என வைத்துக்கொள்வோம். இங்கே இரு திறத்தாரும் மனத்திற் கொண்டிருந்த வண்டி ஒன்றே. எழுத்து மட்டுமே பிசகிற்று. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருப்பின் வண்டி இன்னதென்பது தெளிவாகும். உண்மையான உடன்பாட்டிற்கு இணங்கப் பத்திரத்தைத் திருத்தும்படி நீதிமன்று கட்டளையிடவும் சட்டத்தில் இடமுண்டு. பெரும்பாலும் வழக்கு வரை செல்லாமலே, பிரேரணைப் படிவத்தின் பிரதி, கட்டுப்பணப் பற்றுச்சீட்டு, முந்திய ஆண்டுகளின் பத்திரங்கள் ஆகியவற்றைக் காட்டி இத்தகைய பிழையை நீக்கிக்கொள்ளலாம்.

பிரேரணைப் படிவத்திலேயே பிழை புகுந்திருப்பின் நிலைமை வேறு. காப்புறுதி என்பது பூரண நல்லெண்ணத்தின் மீது நிற்கும் ஒப்பந்தம். இக்கொள்கையை 1766ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்ட் பிரபு வகுத்துரைத்த வழக்கு, சுமாத்திராத் தீவின் கோட்டை ஒன்றைப் பற்றியது. கோட்டையின் பலவீனத்தை அதன் தேசாதிபதி மறைத்தார் எனக் காப்புறுதியளித்தவர் வாதாடினார். வழக்கில் வென்றவரோ காப்புறுதி செய்த தேசாதிபதியே! கோரிக்கைகளை மறுப்பதற்கு இக்கொள்கையை எடுத்தாள்வோர் இம்முடிவை ஏனோ அதிகம் நினைவூட்டுவதில்லை.

அக்கொள்கையினும் கடுமையானது, படிவத்திலுள்ள விடைகளே ஒப்பந்தத்தின் அத்திவாரம் எனக் கூறும் வாசகம். கிளாஸ்கோ நகர ஒப்பந்தக்காரர் சிலர் தமது லொறிக்குக் காப்புறுதி செய்தபோது, லொறி நிறுத்தப்படும் இடத்தைக் குறிக்க வேண்டிய இடத்திலே தமது வியாபார தலத்தின் விலாசம் தவறுதலாக எழுதப்பட்டது. உண்மையில் லொறி நின்றது நகரின் ஓரத்திலே. பின்னர் அது தீக்கிரையாயிற்று. விலாசப் பிழை அத்துணை முக்கியமானதன்று. வஞ்சக நோக்கமும் இல்லை. ஆயினும், விடைகளே அத்திவாரம் எனப் பத்திரம் கூறியமையால், கம்பனி பணம் கொடுக்கத் தேவையில்லை என்று பிரபுக்கள் சபை 1922இல் தீர்த்தது. நீதிபதிகள் ஐவருள் இருவர் மாறுபட்டனர் என்பது ஓரளவு ஆறுதல்.

முகவர் எழுதிய பிழையாயின்? இதுவே நம்மவர் பலரையும் சிக்கவைக்கும் கண்ணி. "நீங்கள் கையொப்பத்தை வையுங்கள், மற்றதை நான் நிரப்பிக்கொள்கிறேன்" என்று முகவர் கூற, வெற்றுப் படிவத்திற் கையொப்பமிடுவது வழக்கமாகிவிட்டது. 1929ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பஸ் சொந்தக்காரர் தொடர்பான வழக்கொன்றில், அவர் முகவரிடம் உண்மையைக் கூறியிருந்தும் முகவர் பிழையாக எழுதினார். படிவத்தை நிரப்பும்போது முகவர் கம்பனியின் ஆளாகவன்றிக் கையொப்பமிட்டவரின் ஆளாகவே கருதப்படுவார் எனத் தீர்க்கப்பட்டது. சட்டத்தின் நயம் எதுவாயினும், முகவரை அனுப்பிவைத்த கம்பனி அவர் பிழையிலே இலாபம் காண்பது நியாயமாகத் தோன்றவில்லை. இங்கிலாந்திலும் அவ்வாறே உணரப்பட்டது போலும்; 2012ஆம், 2015ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்திவார வாசகத்தை அங்கே ஒழித்துவிட்டன. அத்திருத்தங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. இலங்கை வண்டிக்காரர் தமது பத்திரத்தின் வாசகத்தையே பார்க்க வேண்டும்.

பெறுமதியைக் குறைத்து எழுதுவதும் பிழையே; கட்டுப்பணத்திற் சிறிது மிச்சம் பிடிப்பதற்காகப் பலர் அறிந்தே செய்யும் பிழை. 40 இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியை 30 இலட்சத்திற்குக் காப்புறுதி செய்தவருக்கு 8 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தால், விகிதாசார வாசகமுள்ள பத்திரத்தின்படி அவர் பெறுவது 6 இலட்சமே.

விபத்தின் பின் பிழையைக் கண்டவர் பத்திரத்தில் தாமாகப் பேனை வைத்தலாகாது. ஓர் எண்ணைத் திருத்தினாலும் நேர்மையான பிழை பொய்யாவணமாகிவிடும். விபத்துக்கு முந்திய திகதியிட்டுத் திருத்தம் செய்து தருவதாக எவரேனும் கூறினால் அதற்கு உடன்படுதலும் ஆபத்தே. பிழையை மறையாது, அது எவ்வாறு நேர்ந்தது என விளக்கி, கம்பனியின் தலைமைக் காரியாலயத்திற்குப் பதிவுத் தபாலிற் கடிதம் அனுப்புதல் வேண்டும். பிரேரணைப் படிவத்தின் பிரதியை அக்கடிதத்திலேயே கேட்டல் நன்று. முகவரின் தொலைபேசி வாக்குறுதி பின்னர்ச் சாட்சியாவது அரிது. விபத்தைக் குறித்த காலத்துள் அறிவிக்கும் கடமையோ இக்கடிதப் போக்குவரத்தால் நின்றுவிடுவதில்லை.

எதிர்த்தரப்பில் ஒருவர் காயமுற்றிருப்பின் மேலும் நிதானம் வேண்டும். மூன்றாந் தரப்பினருக்கான காப்புறுதியை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. காயமுற்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது மனிதர் கடன். ஆனால் கம்பனியைக் கேளாது தாமே நட்டஈட்டுத் தொகை பேசி முடிப்பதைப் பத்திரங்கள் பொதுவாகத் தடுக்கின்றன.

கம்பனி கோரிக்கையை மறுத்தால், எந்த வாசகத்தின்படி மறுக்கின்றது என்பதை எழுத்திற் பெறல் வேண்டும். அதன்பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்து, இன்று இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என வழங்கும் நிறுவனமும் உண்டு. பாதித் தொகை தர முன்வரும் கம்பனி, முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன் என்ற பத்திரத்தையும் கூடவே நீட்டும். அதிற் கையொப்பமிட்டவர் மீதித் தொகையைக் கேட்பது மிகக் கடினம். பணமுடை பொறுக்க முடியாததாயின், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என எழுதிப் பெறக் கம்பனி இசையுமா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். இசையாவிடில், கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் அப்பத்திரத்தைக் காட்டுவது தகும்.