சுவரில் மெஷின் மாட்டுகிறவருக்கும் சட்டம் உண்டு!

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் வைத்து ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபர் 16-இல் ஐந்தாம் கட்டமும் திறந்தார்கள். 110 கிராமப் பகுதிகளுக்கென்று நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்றார்கள். அப்படியும் நகரத்தின் ஓரங்களில் பல வீடுகளுக்குப் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான் கதி. அந்த உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்க வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின், மொட்டைமாடியில் சாஃப்ட்னர். அவற்றை மாட்டுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்.

கோலார் தங்கவயலிலும் பின்னி ஆலையிலும் நம் பெரியவர்கள் உழைத்தபோது வாசல் என்று ஒன்று இருந்தது. ஒருவருக்கு அடிபட்டால் ஆயிரம் பேர் அந்த வாசலில் நிற்பார்கள். இன்று நம் பிள்ளை யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் தனியாக நிற்கிறான். அவன் விழுந்தால் யாருக்குத் தெரியும்? "அவன் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்ட்" என்கிறார் டீலர். "டீலரைக் கேளுங்கள்" என்கிறது கம்பெனி. இதுதான் இன்றைய பிரச்சினை.

முதலில் உயிரைக் காப்போம். சுவருக்குள் ஓடும் ஒயர் கண்ணுக்குத் தெரியாது. துளை போடும் சுவரின் லைனை அணைத்துவிட்டு, வேறு லைனிலிருந்து டிரில்லுக்குக் கரண்ட் எடுக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. மாடித் தொட்டியில் ஏணி வைத்து ஏறினால் கீழே பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; இரண்டையும் ஒரே பையில் கூட வைக்காதீர்கள். மூடிக் கிடந்த சம்ப்பில் உயிர்வாயு குறைந்திருக்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட கதைகள் இந்த நாட்டில் ஏராளம். "சீக்கிரம் முடி" என்று யார் விரட்டினாலும் தனியாக இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

அத்தனையும் மீறி விபத்து நேர்ந்தால்? 1923-இல் வந்தது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. புதிய தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்தப் போராட்டம் நடக்கட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் உரிமையை நாம் விட்டுவிடலாமா? வேலையின்போது வேலையால் விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பு. அவர் குற்றம் செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேர்வதும், வேலையோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டினால், இப்போது கணக்கில் சேரும். கம்பெனி தன் வேலையை டீலரிடம் விட்டிருந்தால் கம்பெனியையே கேட்கவும் வழி உண்டு.

கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 30 வயதுக்காரர் இறந்தால், கூலியில் பாதியை 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். வருவது 15,59,850 ரூபாய். முழு ஊனமானால் கூலியில் 60 சதவீதம், 18,71,820 ரூபாய். ஈமச் சடங்கு நடந்த வீட்டில் ஐம்பதாயிரத்தை நீட்டி, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்க வருவார்கள். தாய்மார்களே, கையெழுத்துப் போடாதீர்கள்! உரிமையை விட்டுக் கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறப்புக்கான நஷ்டஈட்டை முதலாளி அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கேட்க இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஊருக்குத் திரும்பிவிட்டாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், கூலி 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். அது இருந்தால் நஷ்டஈடு ஈ.எஸ்.ஐ. வழியாகவே வரும். ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் அதன் ஆஸ்பத்திரிகள் உண்டு. செயலி மூலம் வேலை எடுப்பவர்களுக்கென்று கர்நாடக அரசு 2025-இல் தனிச் சட்டமே செய்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனியிடம் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதி வசூலிக்க அதில் இடமுண்டு. ஆனால் பதிவு இல்லாமல் பலன் இல்லை.

ரயில்வேயில் பேனா பிடிக்கும் எங்களுக்குத் தெரிந்த பாடம் ஒன்று: ரசீது இல்லாத சாமான் தொலைந்தால் கேட்க நாதியில்லை. நம் உழைப்புக்கும் ரசீது வேண்டும். வேலைக்கு அனுப்பிய போன் செய்தி, சர்வீஸ் சீட்டு, பேங்கில் விழுந்த கூலி, கம்பெனி பெயர் போட்ட சட்டை, அடையாள அட்டை எதையும் எறியாதீர்கள். ஒரு நகல் வீட்டில் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். விபத்து நடந்தால் அன்றே ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலை செய்யும்போது" என்று எழுதச் சொல்லுங்கள். முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

சங்கத்தின் கோரிக்கை எளியது. சின்ன டீலரும்கூடத் தன் ஆட்களுக்கு நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்க முடியும்; நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற அரசுக் கம்பெனிகளே தருகின்றன. அதை எடுக்காத டீலர்களின் பட்டியலை நாம் தயாரிப்போம். பன்னர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனத்துக்கு அதைச் சேர்ந்தே கொண்டு போவோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளையின் பெயர், டீலர் பெயர், கூலி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். விழுந்த பிறகு தேடுவதை விட, நிற்கும்போதே பதிந்து வைப்போம்!